ஆர்ச்சியின் தொண்ணூறு

உயிரோடு இருக்கிறவன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. என்றைக்காவது அவனுக்குத் தலை வழுக்கையாகும், தொந்தி விழும், நாலு பேர் பார்க்கத் தெருவில் தடுக்கி விழுவான். நம் வயிறும் கொஞ்சம் குளிரும். செத்தவன் மேல் பொறாமைப்பட்டால் அந்த ஆறுதலும் கிடையாது. போன அன்றைக்கு எப்படி இருந்தானோ அப்படியே இருப்பான். வருஷம் ஏற ஏற ஊர் வாயில் இன்னும் கொஞ்சம் உயரமாவான். வில்ஃப் ஹெப்வொர்த்துக்கு வாய்த்தது இந்த இரண்டாவது வகை.

அவன் மனைவி ஹில்டாவுக்கு அவன் இரண்டாம் புருஷன். முதல் புருஷன் ஆர்ச்சி பிராட்பென்ட் ரயில் என்ஜின் டிரைவர். அதுவும் நீராவிக் காலத்து டிரைவர். யார்க்ஷயரில், கேர்ஸ்லி மாதிரி ஒரு ரயில் ஊரில், அது லேசுப்பட்ட பட்டமா? பாதிரியாருக்கு அடுத்த மரியாதை அவர்களுக்குத்தான். ஆர்ச்சி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மாரடைப்பில் போனான். மூன்று வருஷம் கழித்து வில்ஃப் ஹில்டாவைக் கட்டினான். இப்போது எழுபத்து நாலு. நீராவி என்ஜின்களைக்கூட உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஆர்ச்சிதான் இன்னும் சாகவில்லை.

வில்ஃப் கேஸ் கம்பெனியில் ஃபிட்டர். அந்த வருஷம் கேர்ஸ்லியில் வீடு வீடாக அடுப்பு மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கடலடியிலிருந்து புது கேஸ் வருகிறது, பழைய அடுப்புக்கு அது ஒத்துவராது, பர்னர்களைக் கழற்றிவிட்டுத் துளை சின்னதான புதுசுகளை மாட்ட வேண்டும். வில்ஃப் முழங்காலில் நின்று, அடுப்புக்குள் தலையை விட்டு, வருஷக்கணக்கில் படிந்த பன்றிக் கொழுப்புப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருப்பான். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தலைக்கு மேலே ஆர்ச்சி வருவான்.

"ஏன் கண்ணு, நீதானே ஹில்டாவைக் கட்டிக்கிட்டவன்?" என்பாள் வீட்டுக்காரி, தேநீர்க் கோப்பையைத் தரையில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு.

"ஆமாங்க."

"ஆர்ச்சி பொண்டாட்டி!"

"என் பொண்டாட்டி."

"அதான் சொல்றேன், ஆர்ச்சி பொண்டாட்டி. என்னா ஆளு தெரியுமா அவன்! ரேவன் இறக்கத்துல வண்டியைத் தொண்ணூறு மைல் வேகத்துல விட்டான் பாரு, எங்க வீட்டு அலமாரியில இருந்த பீங்கான் எல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு. எங்க வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, 'ஆர்ச்சி போறான்'னார். நேரம் தப்பினா கடிகாரத்தைத்தான் சரி பண்ணுவோம், அவனையில்ல. நீ ரயில்வேயில இருந்தியா கண்ணு?"

"இல்லீங்க. கேஸு."

"பரவாயில்ல," என்பாள் அவள், ரொம்பப் பரிவாக. "அதுவும் வேணுமில்ல?"

அந்தப் பரிவுதான் அவனைக் கொன்றது. திட்டினால்கூடத் தாங்கலாம். ஒரு தெருவில் ஒரு வீடு தவறினால் அடுத்த வீட்டில் ஆர்ச்சி காத்திருப்பான். மாலையில் வில்ஃப் வீடு திரும்பும்போது கையில் கொழுப்பு நாற்றமும் வயிற்றில் நெருப்புமாகத் திரும்புவான்.

ஹில்டா என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் விஷயமே. பதின்மூன்று வருஷக் குடித்தனத்தில் அவளாக ஆர்ச்சியின் பேரை எடுத்ததே கிடையாது. காலையில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறவள், வீட்டுக்கு வந்தால் சலிக்காமல் இவனுக்கும் மசிப்பாள். சிரிப்பாள், சண்டை போடுவாள், வில்ஃபின் காலுறை ஓட்டையைத் தைத்தபடியே அவனைக் கேலி செய்வாள். ஆனால் வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. எந்த வண்டி கடந்து போனாலும் அவள் கை நின்றுவிடும். கத்தியோ ஊசியோ, இருந்த இடத்தில் அப்படியே நிற்கும். சத்தம் ஓய்ந்த பிறகுதான் மறுபடி ஓடும். வில்ஃப் அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். மறக்க முடியாதவள்தான் பேச மாட்டாள் என்று அவனே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தான்.

அவனும் சும்மா இருந்துவிடவில்லை. கொல்லைக் கொட்டகையில் கடைசல் இயந்திரம் ஒன்றைப் போட்டு, ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒரு நீராவி என்ஜின் செய்தான். விளையாட்டுச் சாமான் இல்லை. நிஜமான நிலக்கரி, நிஜமான தண்ணீர், நிஜமான நீராவி. ஐந்தங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும். ஆளை ஏற்றி இழுக்கும். நிஜ என்ஜினின் பதினொன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஆணியும் பதினொன்றில் ஒரு பங்கு. பேர்ப் பலகையில் 'லேடி எம்ஸ்லி' என்று எழுத்து வெட்டி, உள்ளே சிவப்பு பூசியிருந்தான்.

என்ஜினுக்கா பஞ்சம்? நாட்டில் எத்தனை ஆயிரம் என்ஜின் ஓடியது! அதில் ஆர்ச்சி பிராட்பென்ட் ஓட்டிய லேடி எம்ஸ்லியைத்தான் இந்த மனுஷன் பொறுக்கி எடுத்தான். கேட்டால், "அதுக்குத்தான் வரைபடம் கிடைச்சுது" என்பான். பச்சைப் பொய். மனசுக்குள் ஓடியது வேறு: ஆர்ச்சி ஓட்டினான், அவ்வளவுதானே? நான் செய்திருக்கிறேன், நானே ஓட்டவும் போகிறேன். அதைப் பார்த்து ஹில்டா ஒரு நாள், ஒரே ஒரு நாள், "ஆர்ச்சியைவிட நீ ஒரு படி மேல வில்ஃப்" என்று சொல்லிவிட வேண்டும். கொட்டகையில் குளிரில் விரல் விறைக்க அரம் போட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பூங்காவுக்குப் பின்னால் மாதிரி என்ஜின் சங்கத்தாரின் பாதை இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், காங்கிரீட் கால்கள் மேல் ஓடுகிற வட்டப் பாதை. ஒரு சுற்று கால் மைல். ஒரு பக்கம் தகரக் கொட்டகை, தேநீர்ப் பாத்திரம், பெஞ்சுகள். அந்தக் கோடி வளைவு ரோடோடென்ட்ரான் புதருக்குப் பின்னால் மறைந்து போகும். என்ஜினுக்குப் பின்னால் தாழ்வான இரண்டு டிராலிகள், முன்னதில் ஓட்டுகிறவர், பின்னதில் ஏறுகிறவர். ஆண்கள் குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவார்கள். பாவாடை கட்டியவர்கள் ஒரு பக்கமாக, வெளிப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். அதுதான் அங்கே மரியாதை.

சங்கத்தின் செயலாளர் நார்மன் சைக்ஸ். பாதையோரம் 'ஆறு மைலுக்கு மேல் போகாதே' என்று பலகை நட்டவரும் அவர்தான், அதற்குக் காவல் நிற்கிறவரும் அவர்தான். கொட்டகை வாசலில் நிரந்தரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் லென் டைசன். ஆர்ச்சியிடம் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். எழுபதைத் தாண்டியவர், கண் மங்கலாகிவிட்டது, வாய் மங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வில்ஃப் சோதனை ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து நின்றான். பின் டிராலி காலி. மழை விட்டு, மேட்டுக்காற்று வீசிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது ஓட்டம்?" என்றார் லென். "பொணத்தைத் தூக்கிட்டுப் போறவன்கூட இதைவிட வேகமாப் போவான்."

"அளவுப்படி ஓட்டறேன்," என்றான் வில்ஃப். "நிஜ வண்டி அறுபதுல போச்சுன்னு வைங்க. பதினொண்ணால வகுத்தா அஞ்சரை. அஞ்சரையிலதான் போறேன்."

"சரியாச் சொன்னே," என்றார் நார்மன், தேநீரை ஊதியபடி. "போன மாசம் வெளியூர்ச் சங்கத்துக்காரன் ஒருத்தன் வந்தான் பாரு. பன்னெண்டு மைல்ல விடறான்! பெருக்கிப் பாரு, நூத்தி முப்பத்திரண்டு. எந்த என்ஜின் தெரியுமா? யார்டுல வேகன் தள்ற என்ஜின்யா! நிஜத்துல அது வேகமாப் போகணும்னா யாராவது மேட்டுலேர்ந்து உருட்டித்தான் விடணும்."

"பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் லென்.

"பார்க்க நல்லா இருக்கிறது வேற, உண்மையா இருக்கிறது வேற."

"உண்மையைப் பத்தி நீ பேசாதே நார்மன். நீ பஸ்ஸுல வேலைக்குப் போனவன். நான் கண்ணை மூடிக்கிட்டே உண்மை சொல்வேன். இங்க பாரு. சக்கரத்தைப் பதினொண்ணுல ஒண்ணாக்கியாச்சு, வேகத்தையும் பதினொண்ணுல ஒண்ணாக்கியாச்சு. அப்ப நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்? அதே சுத்துதான். பெரிய வண்டிக்கும் சின்ன வண்டிக்கும் ஒரே சுத்து. ஒரு சுத்துக்குப் புகைபோக்கி நாலு தடவை உறுமும். அப்போ உறுமல்ல மட்டும் பெருசு சின்னது கிடையாது. காது கொடுத்தாப் போதும். இப்ப நீ போனியே வில்ஃப், அது அம்பத்தெட்டு."

வில்ஃப் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

"தொண்ணூறு எப்படிக் கேட்கும்?" என்றான்.

லென் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. "தொண்ணூறா? தனித்தனியாக் கேட்காதுடா தம்பி. கெட்டித் துணியைக் கிழிச்சா வருமே, அந்த மாதிரி ஒரே சத்தம். ரேவன் இறக்கத்துல ஆர்ச்சி நீராவிக் கைப்பிடியை இழுத்தான். நான் கரிவாரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், கால் நிக்கலை. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். தொண்ணூறு! அப்படியொருத்தன் இனிப் பொறக்கணும்."

"தொண்ணூறை வகுத்தா எட்டும் சொச்சமும்."

"என்னது?"

"எட்டு மைலு. பஸ்ஸைப் பிடிக்க ஓடறவன் வேகம்தான்."

"உனக்கு அப்படித்தான்யா தெரியும்," என்றார் லென், மூக்கை அறுத்தாற்போல.

"ஒன்பது போனா?"

"ஒன்பது போனா தொண்ணூத்தொம்பது. போவியா? உன் வண்டி போகுமா?"

"ஆறு!" என்று கத்தினார் நார்மன். "ஆறுக்கு மேல எவன் போனாலும், ராஜா மகனா இருந்தாலும், நெருப்பை அணைச்சு வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன். வளைவு தாங்காது. சொல்லிட்டேன்."

வில்ஃப் தலையாட்டினான். பிறகு நார்மன் கோப்பை கழுவ உள்ளே போன நேரம் பார்த்து, லென்னிடம் குனிந்தான்.

"நாளைக்கு ஹில்டாவைக் கூட்டிட்டு வரேன். காதை மட்டும் கொடுங்க. தொண்ணூறைத் தாண்டினா தொப்பியைத் தூக்கிக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

லென் மங்கலான கண்ணால் அவனை உற்றுப் பார்த்தார். "ஆர்ச்சியோடயா போட்டி போடறே?"

"வண்டியோட."

"ம்ம்," என்றார் லென். நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பன்றி இறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட பை, காடியில் ஊறப்போட்ட பீட்ரூட், ரொட்டி, வெண்ணெய். ஹில்டா பையை வெட்டிக்கொண்டிருந்தாள். வில்ஃப் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாளைக்கு நீ வரணும்."

"எங்க?"

"பாதைக்குத்தான். பின்னால உட்காரு. ரெண்டு சுத்து."

"மழை வரும்னு ரேடியோவுல சொல்றானே."

"வந்தா என்ன?"

"என்னவா? எனக்கு இருக்கறது ஒரு நல்ல கோட்டு. உன் புகைபோக்கிக் கரியெல்லாம் அதுமேல விழணுமா?"

"ஆர்ச்சி கூப்பிட்டிருந்தா கோட்டைப் பத்திப் பேசுவியா?"

கத்தி நின்றது. ரயில் எதுவும் போகாமலே நின்றது.

"செத்து மண்ணோட மண்ணாப் போனவனை எதுக்கு இப்பச் சாப்பாட்டு மேசைக்கு இழுக்கறே?"

"நானா இழுக்கறேன்? ஊரே இழுக்குது. இந்த வாரம் எந்த அடுப்புக்குள்ள தலையை விட்டாலும் அவன்தான். ஆர்ச்சி அப்படி, ஆர்ச்சி இப்படி. நான் பர்னரை மாட்டிட்டு, தேங்க்யூ சொல்லிட்டு வரணும்."

"சொல்லிட்டுப் போறாங்க. வேலையத்ததுங்க."

"நீ ஏன் சொல்ல மாட்டேங்கறே? ஒரு வார்த்தை? நல்லவன்னோ கெட்டவன்னோ?"

ஹில்டா பையின் ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "இங்க பாரு வில்ஃப். இந்த வீட்டுல அவன் பேரைச் சொல்றது நீ ஒருத்தன்தான். உனக்குத்தான் அவன் வேணும், எனக்கில்ல. கொட்டகையில அவன் வண்டியை வச்சுக்கிட்டு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினது யாரு? நானா?"

"வருவியா மாட்டியா?"

"வரேன், வந்து தொலைக்கிறேன். சாப்பிடு."

அவள் சொன்னதை அவன் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. 'வரேன்' என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. பீட்ரூட்டை ஒன்றுவிடாமல் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. வானம் மட்டும் வரப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தது. சங்கக் கொட்டகையில் பெண்கள் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பை அடுக்கி வைத்திருந்தார்கள். ஐந்தாறு குடும்பங்கள் பெஞ்சில். வில்ஃப் விடிந்ததும் வந்து நெருப்பு மூட்டியிருந்தான். இந்த நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்த நல்ல கரி, பட்டாணி அளவுக்குப் பார்த்துப் பார்த்து உடைத்தது. லேடி எம்ஸ்லி தன் பாட்டுக்கு மெல்லச் சீறிக்கொண்டு நின்றது.

ஹில்டா நீலக் கோட்டும் தலையில் துண்டுமாக வந்தாள். பின் டிராலியில் பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதைப் பிடிச்சுக்கணும்?"

"எதையும் பிடிக்க வேண்டாம். சும்மா உட்காரு."

அவளுக்கு முன்னால் இருந்த டிராலியில் வில்ஃப் உட்கார்ந்தான். நீராவிக் கைப்பிடியைத் திறந்தான். வண்டி கிளம்பியது.

முதல் சுற்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே போனது. வளைவில் புதரின் ஊதாப் பூக்கள் கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்தன. புகைபோக்கி நாலு நாலாகப் பேசியது. பின்னாலிருந்து ஹில்டாவின் குரல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு வில்ஃப்."

"என்ன?"

"நல்லா இருக்குன்னேன்! பூவெல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம் போல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு, வண்டியை நிறுத்தி, ஆளுக்கு ஒரு துண்டு ருபார்ப் பை தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கொட்டகையைத் தாண்டும்போது லென் நாற்காலியில் கண்ணை மூடியபடி உரக்கக் கத்தினார்:

"அறுபது! ஆர்ச்சி இந்த வேகத்துல சாண்ட்விச் தின்னுக்கிட்டுப் போவான்!"

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் ஹில்டாவும் சிரித்தாள். வாய்விட்டு, மனசு விட்டு, நல்ல சிரிப்பு. லென் பேசிய தோரணையைக் கேட்டு யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். வில்ஃபுக்கு அப்படிப் படவில்லை. ஆர்ச்சி பேரைச் சொன்னதும் சிரிக்கிறாள், பதின்மூன்று வருஷத்தில் எனக்கென்று இப்படி ஒரு சிரிப்பு சிரித்ததுண்டா என்று அவனுக்குத் தோன்றியது. நெருப்புக்கு இரண்டு கரண்டி கரி போட்டான். கைப்பிடியை இழுத்தான்.

லேடி எம்ஸ்லி பாய்ந்தது. உறுமல்கள் ஒன்றையொன்று துரத்தின. 'ஆறு மைல்' பலகை ஓடி மறைந்தது. காற்றில் வில்ஃபின் கண்ணில் நீர் வழிந்தது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் கிறீச்சிட்டது. பின்னால் ஹில்டா, "வில்ஃப்!" என்று கத்தினாள்.

அப்படித்தான்! என்று நினைத்துக்கொண்டான் அவன். இப்போது தெரிகிறதா? விசிலை இழுத்து ஒரு கூவல் விட்டான்.

அந்தக் கூவலோடு வண்டிக்குப் புது மூச்சு வந்ததுபோல் இருந்தது. தடதடவென்று முன்னைவிடத் துள்ளி ஓடியது. இழுக்கிற சிரமமே இல்லை. ஒன்பது வருஷ வேலையில் இப்படி ஓர் ஓட்டம் இதில் இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. தலைகால் புரியாத சந்தோஷம். கெட்டித் துணியைக் கிழிக்கிற சத்தம் புகைபோக்கியிலிருந்து வந்தது; ஒரே சத்தமாக வந்தது.

கொட்டகை நெருங்கியது. லென் தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்! பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள், ஏதோ கத்தினார்கள். வில்ஃப் அவர்களைப் பார்த்துக் கை உயர்த்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஊரே தன்னைப் பார்த்துக் கையாட்டுகிறது என்றால் யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? இன்னொரு சுற்று. புதர், வளைவு, விசில். கண்ணை அழுத்தமானியை விட்டு எடுக்கவேயில்லை.

மறுபடி கொட்டகை. இந்தத் தடவை நார்மன் சைக்ஸ் சிவப்புக் கைக்குட்டையை வீசிக்கொண்டு பாதையோரம் ஓடி வந்தார். முகம் கைக்குட்டை நிறத்தில் இருந்தது.

"நிறுத்துடா! நிறுத்துடா மடையா!"

"போய்யா நீயும் உன் ஆறும்!" என்று கத்திவிட்டு அவரைக் கடந்தான் வில்ஃப்.

புதருக்குப் பின்னால் திரும்பியதும் பாதையோரத்தில் ஹில்டா நின்றுகொண்டிருந்தாள். தலைத் துண்டு இல்லை. நீலக் கோட்டில் சேறு. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். வில்ஃப் அவளைப் பார்த்தான். இவள் எப்படி எனக்கு முன்னால் வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தான். அவளைக் கடந்து போன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் டிராலி காலியாக ஆடிக்கொண்டு வந்தது.

பிரேக்கைப் பிடித்தான். பிரேக்கும் பதினொன்றில் ஒரு பங்குதான். வண்டி நிற்பதற்குள் வெகுதூரம் போய்விட்டது. இறங்கி ஓடி வந்தான். காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே ஆள் விழுந்த இடம் நசுங்கிக் கிடந்தது. அவள் கன்னமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"ஹில்டா! ஐயோ! நீ எப்போ..."

"முதல்லயே," என்றாள் அவள். "கத்தினேன். நீ விசில் ஊதினே. அடுத்த சுத்து வந்தே. செடிக்குள்ள கிடந்து மறுபடியும் கத்தினேன். மறுபடியும் விசில் ஊதினே."

பெஞ்சில் உட்காரவைத்து, லென்னின் கழுத்துத் துண்டால் கையைக் கட்டினார்கள். நார்மன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தன் காரை எடுக்கப் போனார். போகிற போக்கில் வில்ஃபைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். ஒருத்தி அரைக் கிண்ணம் சர்க்கரை போட்டுத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். லென்னுக்கு நடந்தது பாதிதான் தெரிந்தது.

"தொண்ணூத்தொம்பது," என்றார், அந்த நேரத்திலும். "சத்தியமாச் சொல்றேன். ஆர்ச்சிகூடப் போகலை. தொப்பியைத் தூக்கினேன், பார்த்தியா?"

யாரோ அவரைச் சட்டையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள்.

வில்ஃப் அவளுக்கு முன்னால், அடுப்புக்கு முன் நிற்பதுபோலவே, ஈரப் புல்லில் முழங்காலிட்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவளாகத்தான் பேசினாள். வலிக்கிறவள் குரல் மாதிரியே இல்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"ஆர்ச்சியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னியே. சொல்றேன் கேளு. கல்யாணமான கோடையில மோட்டார் பைக்குல விட்பி கடற்கரைக்குக் கிளம்பினோம். நான் பின்னால, இதே மாதிரி ஒரு பக்கமா. அவன் ஓட்டறான், ஓட்டறான், அப்படி ஓட்டறான். ஒரு வளைவுல நான் ரோட்டோரம் விழுந்துட்டேன். அவன் போய்க்கிட்டே இருந்தான்."

"ஹில்டா..."

"பேசாம கேளு. ஒரு மைல் போனான். போனவனுக்கு, வண்டி என்ன இவ்வளவு லேசாப் போகுதுன்னு பயம் வந்து திரும்பிப் பார்த்திருக்கான். திரும்பி வந்தான். நடுரோட்டுல உட்கார்ந்து அழுதான், அவ்வளவு பெரிய ஆளு. அவன் சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஒரு மைல் போனியே, ஒரு மைல் போனியேன்னு. இன்னைக்கும் வேகமா எது போனாலும் எனக்குக் கை நின்னுடும். உன்னைக் கட்டினப்போ நினைச்சேன், அப்பாடா, இவன் மெதுவாப் போறவன்னு."

வண்டி லேசானபோது ஆர்ச்சிக்குப் பயம் வந்தது. தனக்குச் சந்தோஷம் வந்தது. அதை வில்ஃப் அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

"நீ ரெண்டு சுத்து போனே," என்றாள் ஹில்டா.

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே! நாக்கு தானாகப் பேசிவிட்டது.

"ரெண்டு சுத்துன்னா அரை மைல்தானே ஹில்டா..."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் பாதையில் தனியாக நின்று புகைந்துகொண்டிருந்த லேடி எம்ஸ்லியைப் பார்த்தாள்.

"பதினொண்ணால பெருக்கு."

அவன் பெருக்கினான். பெருக்காமல் இருக்க அவனால் முடியாது. ஐந்தரை மைல்.

"ஆர்ச்சியை நீ ஜெயிச்சுட்டே வில்ஃப்," என்றாள் அவள். "சொல்லிட்டேன். போதுமா?"

நார்மனின் கார் வந்து நின்றது. ஹில்டா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வில்ஃப் பின் கதவைத் திறந்து ஏறினான்.

"மெதுவாப் போங்க," என்றாள் அவள் நார்மனிடம்.